பயனாளி சிரிக்கணும்

"அப்படியே நில்லுங்கம்மா, கிட்டப் போகாதீங்க. முதல்ல போட்டோ" என்று கையை நீட்டி மறித்தார் சூப்பர்வைசர்.

அக்கா வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்து இறங்கியிருந்தாள் அவள். ஏழு மாத வயிறு. பாதி வழியிலேயே முட்டிக்கொண்டு வந்ததை அடக்கி அடக்கி, இப்போது உயிர் போனது.

தெருமுனை திரும்பியதுமே பார்த்துவிட்டாள். வீட்டை ஒட்டி, நீலக் கதவும் வெள்ளைச் சுவருமாகப் புத்தம் புதுக் கழிப்பறை. நாலு வருஷமாக மனு மேல் மனு போட்டு, விடியுமுன் எழுந்து முட்புதருக்கு நடந்தவள். கண் கலங்கிவிட்டது.

"என்னங்க, போன்ல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் புருஷனிடம்.

"இன்னிக்குத்தான் வந்துச்சு" என்று அவன் தலையைச் சொறிந்தான்.

"ஒரே நாள்லயா?"

"இப்பல்லாம் எல்லாமே ரெடிமேட்மா" என்றார் சூப்பர்வைசர்.

அரசாங்க வேலை ஒரே நாளில் முடிந்தது என்றால் கைக்குழந்தைக்குக்கூடச் சந்தேகம் வரும். அவளுக்கு வரவில்லை. அவசரம் அப்படி.

"சார், ரெண்டே நிமிஷம். உள்ள போயிட்டு ஓடி வந்துடறேன். அப்புறம் எத்தனை போட்டோ வேணும்னாலும் எடுங்க."

"அதெல்லாம் முடியாதும்மா. பயனாளி வெளிய நின்னு சிரிக்கிற போட்டோ இருந்தாத்தான் மேலிடத்துல ஒத்துக்குவாங்க. காத்து கிளம்பறதுக்குள்ள முடிக்கணும். அந்தக் கல்லுகிட்ட நின்னு என்னைப் பாருங்க. திரும்பாதீங்க. தம்பி, நீங்களும் வாங்க."

புருஷன் அவள் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன தம்பி, இழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க? வீட்டம்மாவைப் பாத்துக் கத்துக்கோங்க."

கால்களைப் பின்னிக்கொண்டு அவள் சிரித்தாள். இனிப் பாம்புக்குப் பயப்பட வேண்டாம், லாரி வெளிச்சம் பட்டதும் பாதியில் எழுந்து நிற்க வேண்டாம் என்ற சிரிப்பு. இப்படி வாய் நிறையச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"அருமை" என்றார் சூப்பர்வைசர், நிஜமாகவே நெகிழ்ந்து. "காலையிலேர்ந்து முப்பத்தேழு வீடு. ஒருத்தர்கூட இப்படி மனசாரச் சிரிக்கலை."

"இப்ப போகலாமா சார்?"

"தாராளமா போங்க. இனி உங்க இஷ்டம்" என்று செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார். புருஷனும் தலையைக் குனிந்தபடி அவர் பின்னால் போனான்.

தோள்பையை இறக்கி வைத்துவிட்டு அவள் ஓட்டமாகத் திரும்பியபோது, ஆளுக்கொரு பக்கக் கம்பைப் பிடுங்கி, இருவரும் கழிப்பறையைக் கதவோடு சேர்த்துப் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்து தம்பி, மடிச்சுடாதீங்க" என்றார் சூப்பர்வைசர். "பேனர்ல மடிப்பு விழுந்துச்சுன்னா, அடுத்த வீட்டு போட்டோவுல கதவு உடைஞ்ச மாதிரி தெரியும்."