ஷெரீப்பின் வலது கை

வாளின் பிடியை இன்னும் கொஞ்சம் தளர்வாகப் பிடிக்கச் சொன்னார் ஓவியர்.

அவன் தளர்த்தினான்.

கறுப்பு வெல்வெட் கோட்டு. கழுத்தில் வெள்ளை லேஸ். முழங்காலோடு நின்றுவிடும் கால்சட்டை, பட்டுக் காலுறை. எதுவும் அவனுடையதல்ல. எதிரே சக்கர நாற்காலியில் இருந்த ப்ரோபர்ட்டுடையவை.

ப்ரோபர்ட் வேல்ஸில் ஒரு மாவட்டத்துக்கு ஷெரீப்பாக இருந்தவர். அங்கே அது ஒரு மரியாதைப் பதவி. அந்த உடையில் அவருடைய எண்ணெய் ஓவியம் மாவட்ட மன்றக் கூடத்துக்குப் போக வேண்டும். முகம் வரைந்து முடிந்த வாரம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை மடங்கிவிட்டது. இனி நிற்க முடியாது.

அவன் அவரைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ். மார்த்தாண்டத்துக்காரன். உயரம் சரியாக இருந்தது.

ஆகவே அவன் நின்றான்.

ஓவியர் அவன் கையைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். நிறத்தை மட்டும் ப்ரோபர்ட்டிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

ப்ரோபர்ட் ஒன்றுதான் கேட்டார். யாருக்கும் தெரியக் கூடாது. தான் இப்படி நின்றதாகவே ஊர் நம்ப வேண்டும். ஒரே ஒருவர் கண்டுபிடித்தாலும் படத்தை இறக்கிவிடச் சொல்வேன் என்றார்.

அவன் சரியென்றான்.

திறப்பு விழாவில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். முகத்தைவிடக் கை நன்றாக வந்திருப்பதாக ஒருவர் சொன்னார். என்ன இருந்தாலும் பரம்பரை அல்லவா என்றார்.

ப்ரோபர்ட் மறுக்கவில்லை.

அவன் ஓவியத்தைக் கைபேசியில் எடுத்து மனைவிக்கு அனுப்பினான். வேலை பார்க்கும் வீட்டுப் பெரியவர் என்று மட்டும் எழுதினான்.

வீடு திரும்பி அவரைக் கட்டிலில் சாய்த்துக்கொண்டிருந்தபோது மனைவி லில்லிபாய் அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டான்.

"இஞ்ச பாருங்க, வாளப் பிடிச்சிருக்கது ஒங்களுக்க கையில்லா?"

"அவருக்க கையாக்கும்."

"எனக்கிட்ட வெளையாடாதீங்க. பால் வெட்டி வெட்டிப் பெருவெரலு வெளிய வளைஞ்சிருக்கு. அந்தச் சாயிப்பு எந்த ரப்பர் தோட்டத்துல வெட்டினாரு?"

அவன் சிரிக்கவில்லை.

"அவருக்க கைதான், லில்லி."



"செரி. அவருக்க கையாவே இருக்கட்டு," என்றாள். வைத்துவிட்டாள்.

ப்ரோபர்ட்டுக்குத் தமிழ் தெரியாது. அவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன சொன்னாள் என்று கேட்டார்.

"உங்கள் கை நல்ல உறுதியான கையாம்."



ப்ரோபர்ட் இடது கையால் வலது கையைத் தூக்கி, அவனிடம் கொடுத்தார்.

நகம் வளர்ந்திருந்தது. அவன் நகவெட்டியை எடுத்தான்.