பருந்து வட்டம்

பத்து வருஷமாகக் கோழிகளுக்குப் பாடம் நடத்திய அதிகாரிக் கொக்கு, அன்று புதிதாக ஒன்று சொன்னது. “இனிமேல் நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.”

மண்ணில் நோய், வெயில், பருந்து என்று மூன்று வட்டம் போட்டு, தலைக்கு ஒரு சோளமணி கொடுத்தது. “பெரிய கஷ்டம் எதுவோ, அதில் வையுங்கள்.”

எல்லா மணியும் பருந்து வட்டத்தில்தான் விழுந்தது. முந்தின நாள்தான் செவலைக்கோழியின் குஞ்சைப் பருந்து தூக்கியிருந்தது. கொக்கு நோட்டை எடுத்துத் திரும்புவதற்குள், பசி தாங்காத கோழிகள் மணிகளைத் தின்றுவிட்டன.

காலியாகக் கிடந்த வட்டங்களைப் பார்த்து, ‘குறை ஏதும் இல்லை’ என்று எழுதிக்கொண்டு கொக்கு பறந்தது.

“ஏண்டி, நீயும் பருந்துக்கா வச்சே?” என்று பக்கத்துக் கோழியைக் கேட்டது செவலை.

“எல்லாருமே அதுக்குத்தானே வச்சோம்!”

மறுநாளிலிருந்து முறைபோட்டு ஒரு கோழி வானத்தைப் பார்த்தது, மற்றவை மேய்ந்தன. அப்புறம் ஒரு குஞ்சும் போகவில்லை.

அடுத்த மாதம் வந்த கொக்கு அசந்துபோனது. “பிரமாதம்! இது யார் யோசனை?”

செவலை வாய் திறப்பதற்குள், கொக்கு தன் பெயரை எழுதி முடித்திருந்தது.