ஆறாம் நம்பர் கட்டில்

கௌசிகாவின் கையில் இருந்த தட்டு கடகடவென்று ஆடியது. சிரிஞ்சும் கண்ணாடிக் குழாயும் மோதிக்கொள்ளும் சத்தம் வார்டு முழுக்கக் கேட்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

ஆறாம் நம்பர் கட்டிலில் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்த பெருமாயி அந்தச் சத்தத்தில்தான் திரும்பினாள். நாற்பது வயதிருக்கும். முகம் வெளிறி, கண்ணுக்குக் கீழே கருத்து, பேசவே தெம்பில்லாதவளாகத் தெரிந்தாள்.

முதலில் தட்டைப் பார்த்தாள். அப்புறம் தட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்திருந்துவிட்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏங்கண்ணு, மொத நாளா?"

கௌசிகா தலையை ஆட்டினாள்.

நர்சிங் காலேஜில் ரப்பர் கையில் எத்தனையோ தடவை குத்திப் பழகியாயிற்று. ரப்பர் கைக்கு வலிக்காது. மனுஷக் கையை நினைத்தே மூன்று நாளாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. காலையில் காலேஜ் வேன் கொல்லிமலை ஆஸ்பத்திரிக்கு வளைந்து வளைந்து ஏறியது. இரண்டு தடவை இறங்கி வாந்தி எடுத்தாள். கடைசி வளைவு தாண்டும்போது முடிவே செய்துவிட்டாள். இன்றைய பொழுதை எப்படியாவது ஓட்டிவிட்டு, சாயங்காலம் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும், இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவராது என்று.

நர்ஸ் அருணாவுக்கும் அவள்மேல் நம்பிக்கை இருந்த மாதிரி தெரியவில்லை. நேற்றிலிருந்து வீட்டுக்கே போகாமல் டூட்டி பார்க்கிற அலுப்பு அருணாவின் குரலில் இருந்தது.

"ஆறாம் நம்பருக்கு ரத்தம் எடுக்கணும். நாளைக்கு ஆபரேசனுக்கு நாமக்கல் அனுப்பறாங்க, இன்னிக்கே ரிசல்ட் வேணும். முடிஞ்சா எடு. முடியலைன்னா வந்துரு. உன்னைய யாரும் கொறை சொல்ல மாட்டாங்க."

அந்த 'முடியலைன்னா' கௌசிகாவுக்குச் சுருக்கென்றது. சொல்லிவிட்டு அருணா இரண்டு கட்டில் தள்ளி டிரிப் மாற்றப் போய்விட்டாள், ஒரு கண்ணை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு. வார்டு வாசலில் பெருமாயியின் புருஷன் சின்னுசாமி காலைக் குறுக்கே நீட்டியபடி கண்ணயர்ந்திருந்தார். அவரைத் தாண்டித்தான் கௌசிகா உள்ளே வந்தாள்.

"உக்காரு கண்ணு." பெருமாயி கட்டிலில் இடம் ஒதுக்கினாள். "நின்னுட்டே இருந்தா காலு நடுங்கத்தான் செய்யும்."

"பயமா இருக்குதுங்கக்கா. உங்களுக்கு வலிச்சிருமோன்னு..."

"எனக்கா?" பெருமாயி சிரிக்கப் பார்த்தாள். "கெழங்கு புடுங்கற கையி இது. கல்லு, முள்ளுன்னு எத்தன குத்து வாங்கியிருக்குது! ஊசியெல்லாம் எறும்பு கடிச்ச மாதிரி."

வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள். கௌசிகா ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவித் தேடி, பஞ்சால் துடைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினாள்.

ரத்தம் வரவில்லை. நரம்பு தப்பிவிட்டது. பெருமாயியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

கௌசிகா ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினாள். கண் நிறைந்துவிட்டது. "என்னால முடியலீங்கக்கா. நான் போய் சிஸ்டரையே கூட்டிட்டு வாரேன்."

எழப்போனவளின் மணிக்கட்டைப் பெருமாயி பிடித்துக்கொண்டாள். பிடித்த விரல்கள் சில்லென்றிருந்தன. ரத்தமில்லாத உடம்பு, பாவம் என்று கௌசிகா நினைத்துக்கொண்டாள்.

"எங்கயும் போகாத. நீயே எடு. மறுக்காத் தப்புனா இன்னொருக்காக் குத்து, நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். எம் மூஞ்சியப் பாக்காத, நரம்ப மட்டும் பாரு. உம் பேரென்ன?"

"கௌசிகாங்க."

"எந்த ஊரு?"

"அடிவாரந்தானுங்க. காரவள்ளிப் பக்கம்." புது ஊசியை மாட்டினாள்.

"காட்டுல என்ன வெள்ளாமை?"

"சின்ன வெங்காயமுங்க. ரெண்டு வருசமா மழையே..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரிஞ்சுக்குள் ரத்தம் ஏறியது. கௌசிகா பேச்சை நிறுத்திவிட்டு, அது நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டையைத் தளர்த்தி ஊசியை எடுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். பெருமாயி கண்ணை இறுக மூடியிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"ஆச்சா?"

"ஆச்சுங்கக்கா!"

"அவ்வளவுதான் கண்ணு. இதுக்குப் போயி..." வார்த்தையை முடிக்காமலே படுத்து, மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரத்தத்தைக் குழாயில் ஊற்றி மூடி எடுத்துக்கொண்டு கௌசிகா நடந்தாள். மூன்று நாள் கழித்து முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.

வாசலில் சின்னுசாமி விழித்துக்கொண்டார். குழாயைப் பார்த்ததும் அவசரமாக எழுந்தார்.

"இது யாருதுங்க?"

"அக்காவுதுதானுங்க. நாந்தான் கை நடுங்கி ரெண்டு தடவ குத்திட்டேன். அக்காதான் தைரியம் சொல்லிச் சொல்லி எடுக்க வெச்சாங்க. அவங்களுக்குப் பயங்கறதே கெடையாதுங்களா?"

சின்னுசாமி குழாயையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். தூக்கம் கெட்டுச் சிவந்திருந்த கண்கள் கலங்கின.

"அவளுக்கா? நேத்து ஊசியப் பாத்ததுமே பஸ்ஸேறி ஊட்டுக்கு ஓடிட்டாளுங்க சாமி!"