ஏழாம் கட்டிலில் ஒரு கொப்பி

விரிப்பு மாற்றவென்று தாதி மாணவி அற்புதராணி தலையணையைத் தூக்கினாள். இரண்டு நாளாக ஆசுப்பத்திரி முழுக்கத் தேடிய அவளுடைய சிவப்பு அட்டைப் பாடக் கொப்பி, இராசமலரக்காவின் தலைக்கடியில் கிடந்தது.

"நீங்களோ அக்கா எடுத்தது?"

ஏழாம் கட்டிலில் சாய்ந்திருந்த இராசமலர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

பத்து மணிக்கு மேட்ரனின் சோதனை. நூற்றிருபது வைத்தியச் சொற்களில் இருபது தவறினால், தாதி வேலைக்குச் சரிவரமாட்டாய் என்று சொல்லி சொந்த ஊரான உடுப்பிட்டிக்கே வண்டி ஏற்றிவிடுவார்கள். அத்தனை சொல்லும் இருந்தது அந்தக் கொப்பியில்தான். இடப்பக்கம் இங்கிலீசு, வலப்பக்கம் தமிழ்.

வேறு யாராவது எடுத்திருந்தால் அவள் இவ்வளவு நொந்திருக்க மாட்டாள். ஒரு மாதமாக இந்தக் கட்டிலோரத்தில் நின்றுதான் பாடம் ஒப்புவித்தாள். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த இராசமலர் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "ஈரல் வீக்கம்?" என்று கேட்பாள். இவள் அதற்குரிய இங்கிலீசுச் சொல்லைச் சொல்வாள்.

"உந்த இங்கிலீசு உங்களுக்குக் கோழி கிளறின மாதிரி இருக்கும், என்னக்கா?" என்று ஒருநாள் சீண்டியும் பார்த்தாள்.

"எழுத்தாய்ப் பாத்தால் கோழி கிளறினதுதான். நான் குறியாய்ப் பாக்கிறன்" என்று சிரித்தாள் இராசமலர். கீரிமலைப் பக்கம் எண்பது வீட்டுத் துணி வெளுக்கிறவள் அவள். வீட்டுக்கொரு குறி, துணியின் மூலையில் சின்னதாக, அழியாத மையில் இருக்கும். "இருவது வருசத்திலை ஒருதற்றை வேட்டி இன்னொருதரட்டைப் போனதில்லை, தங்கச்சி."

அந்த நோயாளர் வாட்டில் மற்றவர்கள் எல்லாரும் அவளை "ஏய்" என்றுதான் கூப்பிட்டார்கள். அக்கா என்றவள் அற்புதராணி ஒருத்திதான்.

அதனால்தான், வயிற்றுக்குள் இருப்பது என்ன கட்டி என்று டாக்குத்தரிடம் கேட்கப் பயந்த இராசமலர் இவளிடம் கேட்டாள். "வாயுக்கட்டிதான் அக்கா. பங்குனிக்குள்ளை வீட்டை போயிடுவியள்" என்று இவளும் ஆறுதல் சொன்னாள். அன்றைக்கு இராசமலரின் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும்!

மலாயாவில் துணி வெளுக்கும் கடை வைத்திருந்த இராசமலரின் தமையன் அப்போது ஊருக்கு வந்திருந்தார். தங்கச்சிக்கு ஏதும் ஆகிவிட்டால் அவளுடைய தகப்பனில்லாத மகள் தனித்துப் போவாளே என்று, பிள்ளையைத் தன்னோடு கூட்டிப்போக நின்றார். "எனக்கு ஒண்டுமில்லையாம், அண்ணை. பங்குனியிலை நான் வீட்டை வந்திடுவன். பெட்டையை என்னோடையே விட்டிட்டுப் போங்கோ" என்று இராசமலர் அவரைத் தனியே கப்பலேற்றி அனுப்பிவிட்டாள். அதையும் அற்புதராணியிடம் வாய் நிறையச் சொன்னாள்.

இவ்வளவு ஒட்டாக இருந்தவளுக்கா இந்தத் துரோகம்? நினைக்க நினைக்க அற்புதராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முந்தநாள் மீனாம்பிகை உங்களோடை குசுகுசுத்ததை நான் கண்டனான். நான் தவறினால் அவள்தான் வகுப்பிலை முதல் ஆள். அவள் சொல்லித்தானே ஒளிச்சனீங்கள்?"

"அவளட்டைத் தண்ணி கேட்டனான், தங்கச்சி. வேறை ஒண்டும் கதைக்கேல்லை."

"பொய்!" என்று கத்தினாள் அற்புதராணி. "ரெண்டு நாளாய் நான் அழுதுகொண்டு திரியிறன். நீங்கள் இதுக்கு மேலை தலை வைச்சுப் படுத்திருக்கிறியள். இந்த வாட்டிலை உங்களைத்தானே நம்பினனான்! என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டே ஏமாத்திப்போட்டியளே!"

இராசமலருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஓம், தங்கச்சி. நம்பின ஆள் முகத்தைப் பாத்துக்கொண்டு ஏமாத்தினால் பொறுக்கேலாதுதான்."

அந்தக் கண்ணீரும் நடிப்பென்றே அற்புதராணிக்குப் பட்டது. கொப்பியை எடுத்துக்கொண்டு விறுக்கென்று திரும்பியவள், கட்டிலின் கால்மாட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நோயாளிக்கு என்ன நோய் என்று டாக்குத்தர் இங்கிலீசில் எழுதி மாட்டிவிடும் ரிக்கற் அங்கே இல்லை.

அது இராசமலரின் போர்வைக்குள்ளிருந்து வந்தது.

இராசமலர் கொப்பியைக் கேட்டு வாங்கினாள். மூலை மடித்திருந்த பக்கத்தை விரித்து, ஒரு வரியின் கீழே ரிக்கற்றைச் சரியாகப் பொருத்தி வைத்தாள். ரிக்கற்றில் இருந்த சொல்லும் கொப்பியின் இடப்பக்கத்துச் சொல்லும் எழுத்துக்கெழுத்து ஒன்றாக இருந்தன. வலப்பக்கத்தில் அற்புதராணியின் குண்டுக் கையெழுத்தில், 'புற்று. மாறாத நோய்' என்று எழுதியிருந்தது.

சோதனைக்கு மணி அடித்தது. அற்புதராணி போகாமல் நின்றாள். அந்த ரிக்கற்றை அவள் அன்றைக்கே வாசித்திருந்தாள்.

"ரெண்டு நாளாய் ஒவ்வொரு குறியாய் ஒத்துப் பாத்தனான். பிழையாய் இருக்கவேணும் எண்டு கும்பிட்டுக் கும்பிட்டுப் பாத்தனான்" என்ற இராசமலர், கொப்பியை மூடி அவளிடமே நீட்டினாள். "அண்ணையின்ரை கப்பலும் போயிட்டுது."

அற்புதராணி கையை நீட்டவில்லை.

"நீ வாயுக்கட்டி எண்டல்லோ சொன்னனீ, தங்கச்சி?"