மரைக்காயர் வாங்கிய எம்பித்ரீ

"பாட்டு வெளிய கேக்குமா?"

கச்சிமுகம்மது மரைக்காயர் இப்படிக் கேட்டதும் கடைக்கார நளீம் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

கேட்டவர் லேசுப்பட்ட ஆளில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் தன் குடிவழியின் சார்பில் மரைக்காயர் பதவியில் இருப்பவர். போன வருசம் இதே கடைவாசலில் வந்து நின்று, "பள்ளிக்கு எதிர்ல பாட்டுப் போடாத மகன்" என்று ஸ்பீக்கரைக் கழற்ற வைத்தவர். அந்த மனிதர்தான் இன்று, கடையில் இருப்பதிலேயே மலிவான எம்பித்ரீ பிளேயரை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"இயர்போன் போட்டா கேக்காது மரைக்கார்."

"என்ட ஊட்டு மதிலுக்கு அங்கால பள்ளி. கொஞ்சமும் கேக்கப்படாது."

"ஒரு பொட்டும் கேக்காது."

"தூரத்தில பாட்டுப் படிக்கிறத இது பிடிக்குமா?"

"ரெக்கோடிங்கா? ஓம், பிடிக்கும். சீனச் சாமான்தானே, கொஞ்சம் இரைச்சல் இரிக்கும்."

மரைக்காயர் கண்ணை மூடிக்கொண்டு, வலது கைப் பெருவிரலால் ஒவ்வொரு பொத்தானாகத் தடவிப் பார்த்தார்.

"படுத்த வாக்கில ஒத்தக் கையால அமத்தலாமா?"

"தாராளமா. கண்ணத் திறக்கவும் தேவல்ல."

வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டவர், படியிறங்கும்போது திரும்பிச் சொன்னார். "ஆருக்கிட்டயும் செல்லிராத, மகன்."

நளீமா சொல்லாமல் இருப்பான்? அன்று மாலையே தேத்தண்ணிக் கடையில் கதை தொடங்கிவிட்டது.

"நமக்கெல்லாம் பாட்டு ஹறாம். மரைக்காருக்கு மட்டும் கட்டில்ல படுத்துக்கிட்டு சினிமாப் பாட்டு" என்றான் நளீம்.

கதை கொஞ்ச நாளில் வளர்ந்தது. "நேத்து அவர நான் காரைதீவில கண்டன். அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு வந்த சனத்துக்குள்ள நிக்காரு" என்றான் அதே கடையில் தேத்தண்ணி குடிக்க வரும் றஸாக்.

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மற்ற மரைக்காயர்மார் அவரைச் சுற்றிக்கொண்டார்கள்.

"பாட்டுப் பெட்டி வாங்கினது மெய்யா?"

"மெய்."

"கோயிலுக்குப் போனது?"

"அதுவும் மெய்."

"என்னத்துக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை பதவியும் அவரிடம் இல்லை.

பின்வரிசையில் நின்ற நளீமுக்கு மனம் குளிர்ந்துபோனது. கடைக்குப் போன கையோடு, மூலையில் கிடந்த ஸ்பீக்கரைத் தூசி தட்டி வாசலில் மாட்டினான். இனித் தடுக்க யார் இருக்கிறார்?

கொஞ்ச நாள் கழித்து மரைக்காயரே கடைக்கு வந்தார். அலறிக்கொண்டிருந்த ஸ்பீக்கரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பெட்டி வேல செய்யுதில்ல, மகன். ஊட்ட வந்து பாக்கிறியா?"

"கொண்டு வாங்களன் மரைக்கார்."

"கொண்டு வர ஏலா."

என்ன பாட்டு வைத்திருக்கிறார் என்று பார்த்துவிடும் ஆசையில் நளீம் உடனே கிளம்பினான்.

பின்னறைக் கதவைத் திறந்தார் மரைக்காயர். கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். நெற்றியில் திருநீறு. இடது கையும் காலும் விழுந்துபோயிருந்தன. வலது கைக்குள் அந்த எம்பித்ரீ.

"நாவிதன்வெளிக் கனகசபாபதி. என்ட வயலச் செய்யிறவர்" என்றார் மரைக்காயர். "சுனாமிக்கு எங்கட குடும்பமே இவர்ர ஊட்டதான் கிடந்த. வாதம் அடிச்சி விழுந்திட்டாரு. இருந்த ஒரு மகளும் வன்னிச் சண்டையில அகப்பட்டு இப்ப அகதி முகாமில. அந்தப் புள்ள வந்து சேருமட்டும் இஞ்ச இரிக்கட்டும்."

நளீம் வாயைத் திறக்குமுன் அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மகள் வன்னியில எண்டு தெரிஞ்சா, இயக்கத்தோட தொடர்பெண்டு படுத்த படுக்கையில கிடக்கிற மனிசனையும் ஆமிக்காரனுகள் விசாரணைக்கு இழுப்பானுகள். அதான் ஆருக்கிட்டயும் செல்லல்ல."

பள்ளியில் ஏன் தலை குனிந்தார் என்பது நளீமுக்கு அப்போதுதான் விளங்கியது.

தேத்தண்ணிக்குச் சொல்ல மரைக்காயர் உள்ளே போனார். நளீம் பெட்டியை வாங்கிப் பார்த்தான். ஒரு கோளாறும் இல்லை. பக்கத்திலிருந்த பூட்டுப் பொத்தான் தவறுதலாக நகர்ந்திருந்தது. அதைத் தள்ளிவிட்டு, சரிதானா என்று ஒரு காதில் வைத்தான்.

உடுக்கைச் சத்தம். பெண்களின் குரவை. தூரத்தில் யாரோ அம்மனின் குளிர்த்திப் பாட்டுப் பாடுகிறார்கள். அதற்கு மேலே, வாயை மிக அருகில் வைத்துக் குசுகுசுக்கும் மரைக்காயரின் குரல்:

"கனகு, இப்பதான் படிக்கத் துவங்குறாங்க. சனம் நெரிக்கிது. வருசா வருசம் நீ நிக்கிற இடத்திலதான் நான் நிக்கன்."

நளீமுக்கு முகம் சுட்டது. இயர்போனைக் கழற்றினான். கழற்றிய காதுக்குள் ஜன்னல் வழியாக அவன் கடை ஸ்பீக்கரின் சினிமாப் பாட்டு வந்து விழுந்தது. அந்த அறையில் நிற்கவே கூச்சமாக இருந்தது.

கனகசபாபதி நாக்குக் குழற மெதுவாகக் கேட்டார். "தம்பி, உங்கட பள்ளியில இவர் பெரிய பதவியில இருந்தவர்தானே?"

"ஓம்."

"அத விட்டுட்டாராம். ஏனெண்டு கேட்டன்." கிழவரின் கண் கலங்கியிருந்தது. "எனக்குப் பக்கத்தில இருக்க நேரம் காணாதாம், அதாலதான் தானாவே விட்டவராம்."