கப்சகாய் ரோட்டுக் கேமரா

"நீயா வேகமா ஓட்டினே? ஒட்டகம்கூட உன் வண்டியை முந்திட்டுப் போகுமேடா!" என்று சிரித்தாள் அக்கா கதீஷா.

ஒராஸ்பெக் சிரிக்கவில்லை. "நிஜமாத்தான் அக்கா. முந்தாநாள் சாயங்காலம், கப்சகாய் ரோட்டுல. கேமரா பளிச்சுன்னு மின்னிச்சு. அபராதம் வரும்னு நினைக்கிறேன்."

மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார்கள். மறுநாள் காலை அவனும் தம்பி ஜெங்கிஸும் இஸ்தான்புல்லுக்கு விமானம் ஏற வேண்டும். தம்பியின் ஈரல் பழுதாகிவிட்டது. அண்ணனின் ஈரலில் பாதியை வெட்டியெடுத்து அவனுக்கு வைக்கப்போகிறார்கள். குடும்பத்தில் எல்லோரையும் சோதித்துப் பார்த்ததில் பொருந்தியது ஒராஸ்பெக்குடையது மட்டும்தான். இன்று வழியனுப்பு விருந்து.

"வந்தா கட்டிட்டுப் போறோம். அதுக்கா உனக்கு முகம் இப்படி வெளுத்துப்போச்சு?"

"கட்டாத அபராதம் இருந்தா எல்லையில நிறுத்திடறாங்களாம் அக்கா. கீழ்வீட்டு மராத்தை அப்படித்தான் பாஸ்போர்ட்டை வாங்கிப் பாத்துட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. கட்டலாம்னா செய்தியும் இன்னும் வரல." போனை எடுத்து மறுபடியும் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான்.

ஜெங்கிஸ் மஞ்சள் பாய்ந்த கண்களோடு அண்ணனைப் பார்த்தான். "என்னாலதான் அண்ணே. கிளம்பறதுக்கு முன்னாடி கப்சகாய் ஏரி மீன் வேணும்னு வாய்விட்டுக் கேட்டது நான்தானே. எனக்காகத்தானே அவ்வளவு அவசரமா ஓடி வந்தே."

"நீ சும்மா இருடா" என்றான் ஒராஸ்பெக்.

"எந்த அதிகாரி நிறுத்துவான்? அவன் தொப்பியைப் பிடுங்கி வீசிட மாட்டேன்?" என்றாள் கதீஷா. "நம்ம மொழியில ஈரலுக்கும் தம்பிக்கும் ஒரே சொல்லுதானேடா. அந்தச் சொல்லை வெச்சவன் உன்னை நினைச்சுத்தான் வெச்சிருக்கான்!"

எல்லோரும் சிரித்தார்கள். வேகவைத்த ஆட்டுத்தலையை அவள் தட்டோடு தூக்கி ஒராஸ்பெக்கின் முன்னால் வைத்தாள். வீட்டுக்குப் பெரியவர்களுக்கு வைக்கிற மரியாதை அது. "நீதான் இன்னிக்கு இந்த வீட்டுக்குப் பெரியவன். அறுத்து எல்லாருக்கும் குடு."

கத்தியை எடுத்தவனுக்கு அவமானத்தில் காது மடல்கள் எரிந்தன. பூமி பிளந்தால் அப்படியே உள்ளே போய்விடலாம் போலிருந்தது. எதிரே, கோப்பைகளில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மனைவி ரௌஷன் நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் விமான நிலையத்தில் ரௌஷன் வாசலோடு நின்றுகொண்டாள். அண்ணனும் தம்பியும் பாஸ்போர்ட் வரிசையில் நகர்ந்தார்கள்.

"மூச்சை விடு அண்ணே. நிறுத்தினா நான் அழுது காரியத்தை முடிச்சுடறேன். என் மூஞ்சியைப் பாத்தாலே யாருக்கும் இரக்கம் வரும்" என்றான் ஜெங்கிஸ்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒராஸ்பெக்கின் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது.

"எங்க போறீங்க?"

"இஸ்தான்புல். தம்பிக்கு ஆபரேஷன்." கண்ணாடியை நோக்கிக் குனிந்தான். "என் பேர்ல அபராதம் ஏதாவது இருக்கான்னு பாருங்கம்மா. கேமராவுல மாட்டினேன்."

"ஒண்ணும் இல்லீங்க."

"நல்லாப் பாருங்க. இருக்கணும்."

"இல்லேன்னா சந்தோஷமாப் போக வேண்டியதுதானே ஐயா?" பாஸ்போர்ட்டில் முத்திரையைக் குத்தி நீட்டினாள்.

பின்னாலிருந்து எட்டிப்பார்த்த ஜெங்கிஸ் பெருமையோடு சொன்னான்: "எங்க அண்ணன் அப்படித்தாம்மா. ஒரு அபராதத்தைக்கூட மறைக்கத் தெரியாது."

ஒராஸ்பெக் தலையைக் குனிந்துகொண்டு மறுபக்கம் போய் நின்றான். அதிகாரி தம்பியின் பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் போன் அடித்தது. ரௌஷன்.

"தாண்டியாச்சா?"

"தாண்டிட்டேன். அபராதம் எதுவும் இல்லையாம்."

"எப்படி இருக்கும்? நான்தான் கட்டிட்டேனே. வண்டி வாங்கினப்போ என் போன் நம்பரைத்தானே எழுதிக் குடுத்தோம்? மறந்துட்டீங்களா? விருந்துக்கு முதல் நாளே எனக்குச் செய்தி வந்துடுச்சு."

அவன் சுவரில் சாய்ந்தான். "அப்புறம் ஏன் அங்கேயே சொல்லல? நான் அத்தனை நேரம் தவிச்சுக்கிட்டிருந்தேனே."

"அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது?" அவள் குரலில் கோபம் இல்லை. "வந்தது ஒரு அபராதம் இல்லீங்க. மூணு. அதே சாயங்காலம், அதே கேமரா, அதே திசை. ஒவ்வொரு தடவையும் வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போய், முன்னைவிட வேகமா வந்திருக்கீங்க. எல்லையில யாராவது நம்மளைத் தடுத்து நிறுத்திட மாட்டாங்களான்னு ஏங்கற அளவுக்கு அந்த ஆபரேஷனை நினைச்சுப் பயமா இருந்துச்சுன்னா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"இப்பவும் பயமாத்தான் இருக்கு" என்றான் ஒராஸ்பெக், தடுமாறியபடி வந்துசேர்ந்த தம்பியின் கையிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டே.