துரை வீட்டுக் கட்டில்

"இந்தக் கட்டில்லதான் நான் பிறந்தேன். அன்னிக்குப் பீரங்கி முழங்குச்சு, துரைசானியே தாலாட்டினா!"

அருங்காட்சியகமாகிவிட்ட துரை மாளிகையில், தடுப்புக் கயிற்றின் முன் நின்று ஓய்வுபெற்ற தபால்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். வழிகாட்டிப் பெண் வாய்பொத்திச் சிரித்தாள்.

"நம்பாதேம்மா, போன வாரம் கப்பல்ல பிறந்தேன்னான்," என்றாள் அவருடைய அக்கா.

"இது நிஜம்க்கா. அப்பா கடைசியா சொன்னது. ஒரே ஒரு தடவை தொட்டுக்கிறேனே?"

"அவருக்குக் கடைசியில புத்தி பேதலிச்சுப் போச்சு. வாடா, போகலாம்."

வழிகாட்டி பேச்சை மாற்றினாள். "கட்டில் கால்ல கீறல் தெரியுதா? துரையோட நாய் பிறாண்டினது."

கிளம்பிய அக்கா நின்றாள். கயிற்றைத் தாண்டிக் கைநீட்டி, அந்தக் கீறலைத் தடவினாள்.

"நாய் இல்லம்மா, எங்கம்மாவோட செம்பு வளையல். துரை போனப்புறம் வந்த வெள்ளத்துல ஊரே இங்கதான் ஒதுங்குச்சு. அம்மா வலி தாங்காம இதைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தா."

தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு ரெண்டு வயசுல அம்மா காய்ச்சல்ல போனான்னு நான் சொன்னது பொய்டா. உன் முகத்தைக்கூடப் பார்க்காம இதுலயே அடங்கிட்டா. தெரிஞ்சா நீ உடைஞ்சு போவியேன்னுதான் மறைச்சேன்."

அக்கா கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள்.

"தொட்டுக்கடா. நீ இதுலதான் பிறந்தே."